அவகாடோ நாற்றுகளுக்கு எந்த உயிர் உரத்தை, எப்போது இடுவது?

கேள்வி:
ஒட்டுக்கட்டுவதற்கான வேர்ச்செடிகளுக்காக அவகாடோ விதைகளைப் பாலித்தீன் பைகளில் முளைக்க வைத்துள்ளேன். நாற்றுகள் நான்கைந்து இலைகள் விட்ட பின் வளர்ச்சி மந்தமாகிவிட்டது. சிலவற்றில் இலை நுனி பழுப்பாகக் கருகுகிறது. டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும், தரும் ரசாயன உரம்) கரைசல் ஊற்றி வருகிறேன். இனி அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து தரும் பாக்டீரியா), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியா), வேம் (VAM எனும் வேர்ப்பூஞ்சை), டிரைக்கோடெர்மா (நோய்க்கிருமிகளை அடக்கும் பூஞ்சை) ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து இடலாமா?

முதல் பதில்:
வணக்கம் ஐயா. இவற்றுள் அவகாடோவுக்கு முதன்மையானது வேம்தான் என்பது என் கருத்து. இம்மரத்தின் உறிஞ்சு வேர்களில் வேர்த்தூவிகள் மிகக் குறைவு என்பதால், தானாக எட்ட முடியாத மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வேரோடு ஒன்றி வாழும் இந்தப் பூஞ்சையின் இழைகள் வழியாகவே அது பெருமளவு பெற்றுக்கொள்கிறது. ஆனால் வேம் உயிருள்ள வேரைத் தொட்டால்தான் பற்றும். மண்ணின் மேல் தூவி நீர் ஊற்றுவதால் பயன் குறைவு. பெரிய பைக்கு மாற்றும்போது, வேர்ப்பந்து அமரும் இடத்தில் ஒரு படலமாக இட்டு, அதன் மேல் நாற்றை வையுங்கள். மண்ணில் மணிச்சத்து மிகுந்திருந்தால் வேர் இப்பூஞ்சையை ஏற்காது, ஆகவே டி.ஏ.பி.யை இப்போதே நிறுத்திவிடுங்கள். அசோஸ்பைரில்லத்தை மட்கிய தொழு உரத்துடன் கலந்து இடலாம். பாஸ்போபாக்டீரியாவுக்கு அவசரமில்லை.

இரண்டாம் பதில்:
நுனிக் கருகலை நுண்ணுயிர்க் குறைபாடாகக் கருத வேண்டாம். அவகாடோ உப்பை, குறிப்பாகக் குளோரைடைத் தாங்காது. பாசன நீரையும் இதுவரை ஊற்றிய உரத்தையும் முதலில் சந்தேகியுங்கள். பையின் அடித்துளைகள் அடைபடவில்லை என்று பார்த்த பின், நல்ல நீரை அடியில் வழியுமளவு ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். ஒரு நாற்றை மண்ணோடு மெல்ல உருவிப் பாருங்கள். நுனிவேர்கள் வெளிர் நிறமாக இருந்தால் நலம். கறுத்து, தொட்டவுடன் ஒடிந்தால் அது பைட்டாப்தோரா என்னும் மண்வழிக் கிருமியால் வரும் வேரழுகலாக இருக்கலாம். டிரைக்கோடெர்மா அந்நோய்க்கு முன்காப்பு மட்டுமே. நீர் தேங்கும் பையில் எந்த உயிர் உரமும் நாற்றைக் காப்பாற்றாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. வேர்கள் வெளிர் நிறமாகவே உள்ளன. பையின் துளைகள்தான் அடைபட்டிருந்தன. சென்ற வாரம் காப்பர் ஆக்சிகுளோரைடு (தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி) கரைசலை மண்ணில் ஊற்றினேன். டிரைக்கோடெர்மாவை இப்போது இடலாமா?

இரண்டாம் பதில் அளித்தவர்:
தாமிரம் அப்பூஞ்சையையும் பாதிக்கும். உப்பைக் கழுவிய பின் இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள். அதற்குள் டிரைக்கோடெர்மாவை ஈரமான தொழு உரத்தில் கலந்து, நிழலில் சாக்கால் மூடிப் பெருக்கி வையுங்கள். அடுத்த முறை விதைப்பதற்கு முன், விதைகளை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் வைத்து உடனே ஆறவிட்டால், விதையோடு வரும் வேரழுகல் கிருமியை அங்கேயே தடுத்துவிடலாம். வெப்பம் அதற்கு மேல் ஏறினால் முளைப்புத்திறன் கெடும்.