விலை கூடிய மவுஸ் பேட் கடலோர ஈரக்காற்றைத் தாங்குமா?

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு அருகிலுள்ள வீட்டில் வலோரன்ட் என்ற கணினிச் சுடும் விளையாட்டை விளையாடுகிறேன். லொஜிடெக் ஜி102 மவுஸ், 800 டிபிஐ (மவுஸின் நகர்வு உணர்திறன் அளவு), சாதாரண துணி மவுஸ் பேட். கடந்த மாரி மழை தொடங்கியதிலிருந்து, மணிக்கட்டு படும் இடத்தில் துணி ஈரம் ஊறிப் பிசுபிசுக்கிறது. திரையில் சுடும் குறியை ஒரு மயிரிழை நகர்த்த முயன்றால் மவுஸ் முதலில் ஒட்டி நின்று, பிறகு சட்டென்று இலக்கைத் தாண்டிவிடுகிறது.

பேட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தினேன், மவுஸின் அடியில் புதிய டெஃப்லான் பாதங்களை ஒட்டினேன், சென்சரைத் துடைத்தேன், விளையாட்டின் சென்சிட்டிவிட்டியையும் மாற்றிப் பார்த்தேன். சில நாள் நன்றாக இருந்து மீண்டும் பழையபடி ஆகிவிடுகிறது. கண்ணாடிப் பேட் ஈரத்தை உறிஞ்சாது என்றாலும், அந்தப் பாதங்களை விரைவில் தேய்த்துவிடும் என்பதால் அதில் எனக்கு மனமில்லை.

ஜப்பானின் ஆர்ட்டிசன் போன்ற, பல மடங்கு விலையுள்ள துணிப் பேட்டைக் கடலோர ஊர்களில் பயன்படுத்துபவர்களிடம் கேட்கிறேன்: மாரி காலத்திலும் அதில் மவுஸ் ஒட்டாமல் ஓடுகிறதா?