மகனுக்கு எந்த உயர்நிலைப் பள்ளி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம் உண்டு; டிஸ்லெக்சியாவால் வாசிப்பிலும் தடுமாற்றம். கணக்கில் மட்டும் என்னையே திருத்துவான். இதுவரை ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியை என்று பழகியவன். இனிப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் வேறு அறை. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டோம். முதலாவது பெரிய பொதுப் பள்ளி. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கென்று தனி அறை இருப்பதாகச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் இவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுவிட்டான். இரண்டாவது சிறப்புப் பள்ளி: வகுப்புக்கு 8 பிள்ளைகள், நல்ல அமைதி. ஆனால் இவன் கணக்குப் பசிக்கு அங்கே தீனி கிடைக்குமா?

என் கணவர் முதலாவது என்கிறார், நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். மகனோ, "நூலகம் இருக்கிற பள்ளி" என்கிறான். இரண்டிலும் இருக்கிறது!

பொதுப் பள்ளியில் சேர்த்தவர்களே, இடைவேளையிலும் உணவு நேரத்திலும் பிள்ளையை யார் கவனித்தார்கள்? எனக்கு வகுப்பு நேரத்தைவிட அதுதான் பயம். தேர்வில் கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக் காட்ட ஆள் ஆகியவற்றைச் சேர்க்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கினீர்களா? சிறப்புப் பள்ளியிலிருந்து பிறகு பொதுப் பள்ளிக்கு மாற்றியவர்கள் யாராவது உண்டா? அடுத்த வாரம், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு சாதாரண நாளில் வந்து இரண்டையும் மறுபடி பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?