வியன்னா வழியாகச் சென்றால் விசா கிடைக்குமா?

திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் பணிபுரியும் நான், முதன்முறையாகத் தனியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், அக்டோபரில் 16 நாள் ஐரோப்பா செல்ல எண்ணி, பாரிஸ் 7, வியன்னா 5, பிராக் 4 எனப் பிரித்திருந்தேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடமே கேட்க வேண்டும் என்பதால் பிரான்சுக்கு முயன்றேன். மூன்று வாரமாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தும் சென்னையில் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைக்கவில்லை. 30,000 யூரோவுக்கான காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், விடுப்புக் கடிதம் யாவும் கல்யாண வீட்டு மஞ்சள் பையில் தயாராக உள்ளன. கோவை முகவர் ஒருவர் பொய்யாக விடுதி பதிவு செய்யச் சொல்கிறார், அதற்கு மனமில்லை.

நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பாரிஸ் 6, வியன்னா 6 என்று மாற்றி, வியன்னாவில் இறங்குவதாக ஆஸ்திரியாவிடம் விண்ணப்பித்தால் ஏற்பார்களா, அவ்வாறு பெற்றவர் எவரேனும் உண்டா?