புதுப்பிப்பு: முரட்டு வேலைக்கு மடக்குக் கத்தி வாங்கியாச்சு

அட்டைப்பெட்டி, கயிறு, பிளாஸ்டிக் பட்டை என்று தினமும் வெட்ட, ஈரத்தையும் மண்ணையும் தாங்குகிற கத்தி எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் டி2 எஃகைச் சொன்னீர்கள். நான் 14சி28என் என்ற, எளிதில் துருப்பிடிக்காத எஃகில் செய்த கத்தியை எடுத்தேன். டி2-வில் கூர் அதிக நாள் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள சுமார் 12% குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பைடாக (கார்பனோடு சேர்ந்த கடினத் துகளாக) கட்டுண்டு போவதால், ஈரம் பட்டால் துருப்புள்ளி விழும். தீட்டவும் நேரம் பிடிக்கும். 14சி28என் சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறிவிடுகிறது. தீட்டும் கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி வைத்திருக்கிறேன், விளிம்பு இதுவரை பொரியவில்லை.

பூட்டு லைனர் லாக், அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு வளைந்து வந்து, விரித்த அலகு மடங்காமல் தாங்கும் வகை. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: கத்தியை விரித்ததும் அந்தத் தகடு அலகின் அடிப்பாகத்தில் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். முதல் நாளே மறுகோடி வரை போய் நின்றால் தேய்வதற்கு இடமில்லை, வேண்டாம். சட்டைப்பை நூல் தூசிதான் பெரிய தொல்லை. பூட்டு முகத்தில் படிந்தால் பிடிப்பு கெடும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்.

நெம்பும் வேலைக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறேன். அப்புறம், கத்தியைப் பையில் மாட்டும் கிளிப்பின் திருகுகள் தளர ஆரம்பித்தன. கழற்றி திருகுப் பசை போட்டேன், இப்போது அசையவில்லை.