சனிக்கிழமைக்கு முன் ஒரு கைவலை

துளசி, இரவு 7:12
எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை அப்பாவுக்கு 60 வயது நிறைகிறது. மண்டபமும் வேண்டாம், கேக்கும் வேண்டாம், விடியற்காலையில் கயாக் படகோடு லேக் மக்குவாரி ஏரிக்கு மீன்பிடிக்கப் போனால் போதும் என்று சொல்லிவிட்டார். போன மாதம் அங்கே நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, மீனை ஏந்தி எடுக்க அவருக்கு ஒரு நல்ல கைவலையை நாம் சேர்ந்து வாங்கிக் கொடுப்போமா? அப்பா இந்தக் குழுவில் இல்லாதபடியால் இங்கேயே கதைத்து முடிவெடுக்கலாம்.

அபி, 7:14
நானும் சேர்கிறேன்.

பெரியப்பா, 7:20
வலை என்னிடம் இருக்கிறது. கராஜில் தொங்குகிறது. புதிது வாங்குவது வீண்செலவு.

குமரன் அண்ணா, 7:31
அப்பா, போன மாதம் சித்தப்பா கொண்டுபோனது அந்த வலையைத்தான். நான் பக்கத்துக் கயாக்கில் இருந்தபடியால் நடந்ததை முழுதாகப் பார்த்தேன். பெல்மொன்ட் பக்கத்தில், புல் படுகை முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில், 78 சென்ரிமீற்றர் பிளாட்ஹெட் மீன் ஒன்று அவருக்குப் பிடிபட்டது. வலையின் பிடி நீளமாக இருந்ததால் அதைத் திருப்பும்போது துடுப்பில் கொளுவிக்கொண்டது. அவர் எட்டிச் சாய, கயாக்கின் விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது. ஒருவழியாக மீனை ஏந்தி மடியில் வைத்தபோது, செயற்கை இரையின் மும்முனைத் தூண்டில் முட்களில் ஒன்று மீனின் வாயிலும் மற்றது நைலோன் முடிச்சிலும் குத்தி நின்றன. மீன் தலையை உதற உதற அந்த முள் அவருடைய விரலுக்குப் பக்கத்தில் ஆடியது. கடைசியில் கத்தரிக்கோலால் நான்கு கண்ணிகளை வெட்டித்தான் மீனை எடுத்தார். அதற்குள் அதன் வால் மூன்று கீற்றாகக் கிழிந்துவிட்டது. உடம்பின் வழுவழுப்பு முழுவதும் வலையில் ஒட்டியிருந்தது. சித்தப்பா அதைத் தண்ணீரில் இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்துதான் போகவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்க அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வாசுகி மாமி, 7:36
அவ்வளவு பெரிய மீனை ஏன் விட்டார்? கறிக்கு எத்தனை துண்டு வந்திருக்கும்.

குமரன் அண்ணா, 7:44
மாமி, நியூ சவுத் வேல்ஸில், சித்தப்பா பிடித்த டஸ்கி பிளாட்ஹெட் இனத்தில் 36 முதல் 70 சென்ரிமீற்றர் வரை உள்ளதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதுவும் ஒருவர் ஒரு நாளைக்கு 5 மட்டுமே. அவ்வளவு பெரிதாக வளர்பவை பெரும்பாலும் பெண் மீன்கள். அவைதான் அதிகமாக முட்டையிடுபவை. அவற்றைக் கட்டாயம் விட வேண்டும் என்றால், உயிரோடும் காயமில்லாமலும் விட்டால்தான் அந்தச் சட்டத்துக்கு அர்த்தம் உண்டு. ஆகவே நாங்கள் கறி மீனுக்காக வலை தேடவில்லை, திரும்பப் போக வேண்டிய மீனுக்காகத்தான் தேடுகிறோம் என்று நினைத்தால் தெரிவு இலகுவாகிவிடும்.

வாசுகி மாமி, 7:45
அப்படியென்றால் சரி. 70க்கு உட்பட்டதில் இரண்டை எனக்கு மறக்காமல் கொண்டுவாருங்கள்.

நிமலன் அத்தான், 7:52
மடிக்கிற வலை வாங்கலாம். கயாக்கில் இடம் மிச்சப்படும்.

குமரன் அண்ணா, 8:03
மடிக்கும் வலை வசதிதான், நிமலன். ஆனால் அந்த ஏரி ஸ்வான்சீ வாய்க்கால் வழியாகக் கடலோடு சேர்ந்தது, தண்ணீர் உப்பு. மடிப்பு மூட்டுகளில் உப்பு இறுகிவிட்டால், ஒரு கையில் தூண்டில் கோலும் மறுகையில் வலையுமாக இருப்பவரால் அதை விரிக்க முடியாது. என் எண்ணத்தைச் சொல்கிறேன். முதலாவது, கண்ணி றப்பராக இருக்க வேண்டும். குறைந்தது முடிச்சில்லாமல் றப்பர் பூசியதாகவாவது இருக்க வேண்டும். றப்பரில் முள் குத்தி நிற்பது குறைவு, குத்தினாலும் இழுத்தவுடன் வந்துவிடும். மீனின் வழுவழுப்பும் செட்டையும் அவ்வளவாகச் சேதப்படா. முழு றப்பர் கனமானது, தண்ணீருக்குள் வீசினால் மெதுவாகத்தான் நகரும். ஆனால் நாங்கள் வலையை வீசுவதில்லை, தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்து மீனைத்தான் அதற்குள் கொண்டுவருகிறோம். இரண்டாவது, வளையம் அகலமாக இருக்க வேண்டும். பிளாட்ஹெட் நீளமான மீன். சிறிய வட்டத்துக்குள் தலை போனாலும் பாதி உடம்பு வெளியே நிற்கும், ஒரு உதறலில் மீன் போய்விடும். 50 சென்ரிமீற்றர் அகலமும் அதற்குக் கிட்டிய ஆழமும் தட்டையான அடியும் இருந்தால் மீன் வளைந்து சுருளாமல் படுக்கும்.

அபி, 8:05
பிடியின் நீளம் எவ்வளவு?

குமரன் அண்ணா, 8:13
அதுதான் முக்கியமான கேள்வி. பாறையிலோ படகிலோ நிற்பவருக்கு நீளமான பிடி தேவை. கயாக்கில் இருப்பவர் தண்ணீரிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலேதான் இருக்கிறார். கை நீட்டினால் தண்ணீர் படும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளத்துக்குப் பிடி இருந்தால் போதும் என்பது என் கருத்து. அப்படிப்பட்ட பிடியைத் தொடைக்குக் கீழே செருகிவிட்டு, மீனை வலையோடு தண்ணீரிலேயே கிடக்கவிட்டு, இரண்டு கைகளாலும் குறடை எடுத்து முள்ளைக் கழற்றலாம். மீன் மடிக்கே வர வேண்டியதில்லை. செவுள் மூடியில் இருக்கும் முட்கள் கையைக் கிழிக்காமலும் தப்பலாம்.

நிமலன் அத்தான், 8:16
மாமாவுக்கு வலது தோளில் நோ இருக்கிறது. கட்டைப் பிடி என்றால் அவர் அதிகம் குனிய வேண்டி வரும். நீட்டிச் சுருக்கும் பிடி நல்லது.

துளசி, 8:18
அத்தான் சொல்வதும் உண்மைதான். அப்பா இன்னும் தோளுக்குத் தைலம் பூசுகிறார்.

பெரியப்பா, 8:27
எங்கள் ஐயா யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு வலையால் இறால் வாரியதை நானும் தம்பியும் கரையில் இருந்து பார்த்திருக்கிறோம். அந்த அத்தாங்குக்குப் பிடியே கிடையாது, வளையத்தை இரண்டு கைகளாலும் பிடிப்பார். மீனின் வாலுக்குப் பின்னால் வலையைக் கொண்டு போகாதே, அது முன்னுக்குத்தான் ஓடும், தலைக்கு முன்னால் வலையை வைத்துக்கொண்டு பொறுத்திரு என்று சொல்வார். தம்பி அதை மறந்ததால்தான் சாய்ந்திருக்கிறான். வலையில் பிழையில்லை.

குமரன் அண்ணா, 8:34
அப்பப்பா சொன்னது கயாக்குக்கும் அப்படியே பொருந்தும், அப்பா. தூண்டில் கோலின் நீளத்துக்குக் கிட்ட நூலை வெளியே விட்டுவிட்டு, கோலைத் தலைக்கு மேலால் பின்னுக்குச் சாய்த்தால், மீன் தலை முன்னாகத் தானே வலைக்குள் வரும். நூலை முழுவதும் சுற்றிவிட்டால் மீன் கோலின் நுனியில் நின்று உதறும், கை எட்டாது. ஆனால் அன்று சித்தப்பா தலைப் பக்கமாகத்தான் ஏந்தினார். முடிச்சு நைலோன்தான் முள்ளைப் பிடித்துக்கொண்டது.

வாசுகி மாமி, 8:37
அண்ணை, ஐயாவின் அத்தாங்கு இப்போது யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா, 8:40
95ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுவிட்டு வந்தோம். அதைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம்.

அபி, 8:46
வலைக்குக் கயிறு கட்ட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்வான்சீயில் போனது போல இதுவும் போய்விடக்கூடாது.

நிமலன் அத்தான், 8:48
அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அன்று நீரோட்டம் பலமாக இருந்தது.

பெரியப்பா, 8:49
அதுவும் என்னுடைய வலை.

வாசுகி மாமி, 8:51
அதற்கான காசை நிமலன் அந்தக் கிழமையே தந்துவிட்டான், அண்ணை. இதை எத்தனை தரம் கேட்பது?

துளசி, 8:55
கயிறும் மிதவையும் கட்டாயம் என்று எழுதிவிட்டேன். வேறு ஏதாவது உண்டா?

குமரன் அண்ணா, 9:02
கயிறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீளக் கயிறு காலில் சுற்றிக்கொள்ளும். கயாக் கவிழ்ந்தால் அதுவே ஆபத்து. சுருள் கயிறாக இருந்தால் தேவைக்கு நீளும், மற்ற நேரம் ஒடுங்கிக் கிடக்கும். வலையை இருக்கைக்குப் பின்னால் தூண்டில் கோல் செருகும் குழாயில், வலது கை தேடாமல் எட்டும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். மீனைத் தொடும் முன் வலையை நனைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் றப்பர் வெடித்துவிடும்.

துளசி, 9:06
ஆளுக்கு 20 டொலர் என்று வைத்துக்கொள்வோமா? ஐந்து பேருக்கு 100 வரும்.

அபி, 9:07
அனுப்பிவிட்டேன்.

வாசுகி மாமி, 9:09
நானும் நிமலனும் சேர்த்து 40 அனுப்பியிருக்கிறோம்.

குமரன் அண்ணா, 9:15
நாளை வேலை முடிந்ததும் கடைக்குப் போகிறேன். கட்டைப் பிடி உள்ளதையும் நீட்டிச் சுருக்குவதையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன். சித்தப்பாவின் கயாக் இருக்கைக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று துளசி இன்றிரவு அளந்து சொன்னால், பிடியைப் பற்றி ஊகிக்க வேண்டியிருக்காது.

துளசி, 9:17
அப்பா தூங்கியதும் அளந்து சொல்கிறேன். அண்ணா, இன்னொன்று. சனிக்கிழமைக்கு வலையைத் தர முடியுமா என்று கேட்கப் பெரியப்பாவுக்கு அழைக்கப் போவதாக அப்பா இப்போதுதான் சொன்னார்.

பெரியப்பா, 9:24
அழைத்தான். வெட்டிய நான்கு கண்ணிகளையும் பின்னிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கிழமை தர முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யில்லை. ஊசியும் நூலும் மேசையில் இருக்கின்றன.

பெரியப்பா, 9:26
என் 20 டொலரைக் குமரனிடம் கையில் தருகிறேன். கயிற்றுக்கு முடிச்சு நான்தான் போடுவேன்.