வெப்குவெஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் தரும் இணையப் பக்கங்களைப் படித்து மாணவர்கள் குழுவாக ஒரு பணியைச் செய்து முடிக்கும் கற்றல் முறையே வெப்குவெஸ்ட் (WebQuest). நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்கு ‘வலைத்தேடல்’, ‘இணைய வேட்டை’ என்ற இரண்டு சொற்கள் இந்த உரையாடல் இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டுமே ஆசிரியர்களைத் தவறான பாதையில் அழைத்துச் செல்லும் என்று அஞ்சுகிறேன்.

1995-ல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து இம்முறையை உருவாக்கினார். மாணவரின் நேரம் தேடுவதில் கரையாமல், கிடைத்த தகவலைப் பயன்படுத்துவதில் செலவாக வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. அதனால்தான் படிக்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தேர்ந்தெடுத்துச் சுட்டிகளாகத் தந்துவிடுகிறார். தேடும் வேலையை மாணவரிடமிருந்து எடுத்துவிட்ட ஒரு முறைக்குத் ‘தேடல்’ என்று பெயர் வைக்கலாமா? ‘வேட்டை’ இன்னும் பொருந்தாது. பத்துக் கேள்வி கொடுத்து, விடைகளைக் கண்டுபிடித்து வரச் சொல்லும் பயிற்சி வேறு. அதற்கு வேண்டுமானால் அப்பெயரை வைத்துக்கொள்ளலாம்.

ஓர் ஆற்றின் குறுக்கே அணை கட்டலாமா என்பது பாடம் என்று கொள்வோம். குழுவில் ஒருவர் உழவர், ஒருவர் மீனவர், ஒருவர் பொறியாளர், ஒருவர் சூழலியலாளர். மீன்களின் வலசை பற்றிய பக்கத்தை மீனவர் படிக்கிறார்; பாசனம் பற்றி உழவர்; மின் உற்பத்தி பற்றிப் பொறியாளர்; நீரில் மூழ்கப்போகும் காடு பற்றிச் சூழலியலாளர். பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து வாதாடி ஒரே பரிந்துரையை எழுத வேண்டும். எந்த இணையப் பக்கத்திலிருந்தும் அந்தப் பரிந்துரையை அப்படியே நகலெடுக்க முடியாது. கொடுத்த வேலையின் தரம் அங்கேதான் தெரியும்.

ஆகவே பெயரில் ‘பணி’ இருந்தே தீர வேண்டும். என் பரிந்துரை ‘வலையாய்பணி’. ‘ஆய்பணி’ வினைத்தொகை, ஆய்ந்த, ஆய்கின்ற, ஆயும் பணி. ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது. வெப்குவெஸ்டின் உறுப்புகளுக்கு அறிமுகம், பணி, வழிமுறை, வளங்கள், மதிப்பீடு, நிறைவு என்ற எளிய சொற்களே போதும். எந்தத் தரத்துக்கு என்ன மதிப்பு என்று கட்டம் போட்டுக் காட்டும் மதிப்பீட்டுப் பட்டியலைத் (rubric) ‘தரநிலை அட்டவணை’ என்னலாம். அதைத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்

*

ஐயா, வணக்கம்.

‘தேடல்’ வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். அதை முன்மொழிந்தவள் நான்தான் என்றாலும், அணை எடுத்துக்காட்டு என்னை மாற்றிவிட்டது. ஆனால் ‘வலையாய்பணி’ என்று சேர்த்து எழுதினால் ‘வலையாய்’ என்று பிரித்துப் படித்துத் தடுமாறுவார்கள். ‘இணைய ஆய்பணி’ என்று வைத்தால் இந்தக் குழப்பம் இராது. ‘இணைய ஆய்பணியில் ஈடுபட்டனர்’, ‘இரண்டு இணைய ஆய்பணிகள்’ என்று எழுதிப் பார்த்தேன், தடையின்றி ஓடுகிறது. ஒரு சேர்க்கை: ஒன்றிரண்டு பாடவேளைகளில் முடிவது ‘குறும்பணி’, வாரக்கணக்கில் நீள்வது ‘நெடும்பணி’. மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.