பஞ்சர் போட்டுக் கிளம்பியதும் முன் பிரேக் பிடிக்கவில்லை. ஏன்?

கியர்மாறன் | வியாழன் காலை 7.10

வணக்கம். நேற்று மாலை நடந்தது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கோவையில் ரோடு சைக்கிள் ஓட்டிப் பழக்கம், மவுண்டன் பைக் இங்கே வந்துதான். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 29 அங்குலச் சக்கரம், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (லிவரை அழுத்தினால் ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது), மினரல் ஆயில் வகை. புதன்கிழமை மாலைகளில் ஒரு குழுவோடு சர்ரே ஹில்ஸ் காட்டுப்பாதைகளுக்குப் போகிறேன்.

நேற்று ஏழு பேர். ஆறரை மணிக்கு பீஸ்லேக் கிராமத்திலிருந்து ஹோம்பரி ஹில் ஏறினோம். மழை பெய்து பத்து நாளாகிவிட்டதால் பாதை முழுக்க மாவு மாதிரி மணல். ஏறி முடித்ததும் 'யோகர்ட் பாட்ஸ்' என்ற டிரெயில், குழி குழியாகப் போகும். அதில் இரண்டு பிரேக்கும் நன்றாகவே பிடித்தன. அது முடிகிற இடத்தில் என் பின் டயரில் முள். ட்யூப்லெஸ்தான், ஆனால் உள்ளே ஓட்டையை அடைக்கிற சீலன்ட் திரவம் காய்ந்து ரப்பர் தோலாக ஒட்டிக் கிடந்தது. ட்யூப் போட்டு முடிக்க இருபது நிமிடம். மற்ற ஆறு பேரும் பைன் மரத்தடியில் பூச்சிக்கடியோடு காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் 'பேரி நோஸ் பெஸ்ட்' இறக்கம். முதல் வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்கிறேன், லிவர் நேராக ஹேண்டில்பாரில் போய் முட்டுகிறது. டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை. பின் பிரேக்கை மட்டும் பிடித்து, சறுக்கி, பெரணிப் புதருக்குள் போய் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து லிவரை நாலைந்து தடவை அடித்ததும் ஓரளவு பிடித்தது. ஒரு நிமிடம் விட்டால் மறுபடி காலி.

விசித்திரம் என்னவென்றால், இன்று காலை பார்த்தால் முக்கால்வாசி சரியாக இருக்கிறது! பேட் (டிஸ்க்கைக் கவ்வுகிற கட்டை) தேய்ந்துவிட்டதா, ஆயில் கசிகிறதா, புது பிரேக்கே வாங்க வேண்டுமா? அடுத்த புதனுக்குள் சரி செய்ய வேண்டும்.

ஈரோடு எக்ஸ்பிரஸ் | வியாழன் காலை 8.02

சூடுதான் காரணம். இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பேட் சூடாகி வழுக்க ஆரம்பிக்கும். ஆறினால் சரியாகிவிடும், அதனால்தான் காலையில் பிடிக்கிறது. பேட்டைக் கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் போடுங்கள்.

பனங்காய்வண்டில் | வியாழன் காலை 9.25

சூடு என்று எனக்குப் படவில்லை. ஹோம்பரி ஹில் மொத்தமே 261 மீட்டர். அதுவும் தம்பி இருபது நிமிடம் நின்று ட்யூப் மாற்றிவிட்டு, இறங்கத் தொடங்கிய முதல் வளைவிலேயே பிரேக் போயிருக்கிறது. ஆறிப்போன பிரேக் எப்படிச் சூட்டில் போகும்? அதோடு, பேட் சூடானால் லிவர் இறுக்கமாகத்தான் இருக்கும், சைக்கிள்தான் நிற்காது. இங்கே லிவரே உள்ளே போகிறது. இரண்டும் வேறு வேறு வருத்தம்.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். காலிப்பரை (சக்கரத்தின் பக்கம் பேட்டைத் தாங்கி நிற்பது) சுற்றியோ லிவர் பக்கமோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? பேட்டில் எவ்வளவு மிச்சம்? கடைசியாக, ட்யூப் போடும்போது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தீர்களா?

கியர்மாறன் | வியாழன் மதியம் 1.15

பிசுக்கு எதுவும் இல்லை, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பேட் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறது.

கவிழ்த்துத்தான் வைத்தேன். ஊரில் பஞ்சர் கடையிலும் அப்படித்தானே செய்வார்கள்? ஹேண்டிலும் சீட்டும் தரையில், சக்கரம் வானத்தில். சரிவான இடம், சைக்கிள் சாய்ந்துகொண்டே இருந்ததால் நண்பர் ஒருவர் முன் பிரேக் லிவரை அழுத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பனங்காய்வண்டில் | வியாழன் மதியம் 1.40

அதுதான் சம்பந்தம். கண்டுபிடித்தாயிற்று.

உங்கள் லிவருக்குள் ஒரு சின்ன ஆயில் தொட்டி இருக்கிறது. பேட் தேயத் தேய, காலிப்பருக்கு வேண்டிய கூடுதல் ஆயிலைக் கொடுப்பது அதுதான். சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது தொட்டிக்குள் கொஞ்சம் காற்று இருந்தாலும் அது மேலே ஒதுங்கிக் கிடக்கும், தொந்தரவு இல்லை. ஆயில் போகிற துளை கீழே மூழ்கி இருக்கும். கவிழ்த்தால் காற்று துளைப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரம் லிவரை அழுத்தி விட்டால், திரும்பி வருகிற பிஸ்டன் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் லிவரைப் பிடித்த பலமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போயிருக்கிறது, பேட் வரைக்கும் வரவில்லை.

இரவு முழுக்க சைக்கிள் நிமிர்ந்து நின்றதால் பாதிக் காற்று தானாகத் தொட்டிக்கு ஏறிவிட்டது. காலையில் முக்கால்வாசி சரியானது அதனால்தான்.

உங்களுடையது எந்தக் கம்பனி என்று தெரியாது. ஆனால் ஷிமானோ கையேட்டில் இதை எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறார்கள்: டிஸ்க் பிரேக் தலைகீழாக வேலை செய்வதற்காக வடிவமைத்தது அல்ல, கவிழ்த்தாலோ பக்கவாட்டில் கிடத்தினாலோ ஓடுவதற்கு முன் லிவரைச் சில தடவை அழுத்திச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கவும் என்று. யார் கையேடு வாசிக்கிறார்கள்! நானும் ஒரு தடவை லீத் ஹில்லில் விழுந்த பிறகுதான் வாசித்தேன்.

ஈரோடு எக்ஸ்பிரஸ் | வியாழன் மதியம் 2.05

சரி, என் கணிப்பு தப்பு. ஆனால் ஒரு சந்தேகம். கவிழ்த்தால் பின் பிரேக்கும்தானே போயிருக்க வேண்டும்?

கியர்மாறன் | வியாழன் மதியம் 2.30

பின் ஹோஸ் (ஆயில் குழாய்) போன வருடம் மாற்றியது என்று விற்றவர் சொன்னார். முன் பக்கம் வாங்கினதிலிருந்து யாரும் தொட்டதில்லை, அதற்கு முன்பும் தொட்டிருப்பார்களா என்று தெரியாது.

சைடு ஸ்டாண்ட் | வியாழன் மாலை 6.50

அப்போ கணக்கு சரியாக வருகிறது. ஹோஸ் மாற்றினால் புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்தே, அதாவது உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றியே, தீர வேண்டும், அதனால் பின் தொட்டியில் காற்று இல்லை. கவிழ்த்தாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல், பின் லிவரை யாரும் அழுத்தவும் இல்லை. முன் பக்கத்தில் காற்று ரொம்ப நாளாகவே இருந்திருக்கும். நேற்று கவிழ்த்தது அதை வெளியே காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆகவே "இனிமேல் கவிழ்க்காமல் ஓட்டிக்கொள்கிறேன்" என்று விட்டுவிடாதீர்கள். ஏர் எடுத்தாக வேண்டும்.

நான் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தவன். சொல்கிறபடி செய்தால் வீட்டிலேயே முக்கால் மணி நேரம்.

முதலில் சக்கரத்தையும் பேட்டையும் கழற்றி எடுத்து வேறு அறையில் வையுங்கள். ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பேட் குப்பைதான், டிஸ்க்கும் கத்த ஆரம்பிக்கும். பேட் இருந்த இடத்தில் ஏர் எடுப்பதற்கென்று வரும் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். லிவர் மேல் இருக்கிற திருகைக் கழற்றிப் புனலை மாட்டிக் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். காலிப்பரில் ஆயில் விடுகிற சின்ன மூக்கான நிப்பிளில் ஊசிக்குழாயை மாட்டி, நிப்பிளைத் திறந்து, கீழிருந்து மேலாக மெதுவாகத் தள்ளுங்கள். காற்று மேலே போகிற குணம் உள்ளது, நாமும் அந்தத் திசையிலேயே தள்ள வேண்டும். புனலில் குமிழி வருவது தெரியும். நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு லிவரை மெதுவாக அழுத்தி விடுங்கள், ஹோஸைத் தட்டிக்கொடுங்கள், லிவரைக் கொஞ்சம் மேலும் கீழும் சாய்த்தும் அழுத்துங்கள். மூலையில் ஒளிந்திருக்கிற குமிழி அப்போதுதான் வரும். இங்கேதான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

ஆயில் விஷயத்தில் விளையாடாதீர்கள். மினரல் ஆயில் பிரேக்கில் காருக்கு ஊற்றுகிற டாட் 4, டாட் 5.1 வகை பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் கெட்டுப்போகும். லிவர் மூடியில் எது என்று எழுதியிருக்கும்.

கியர்மாறன் | வியாழன் மாலை 7.15

நன்றி அண்ணா. லிவரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி ஒரு இரவு விட்டால் சரியாகிவிடும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

சைடு ஸ்டாண்ட் | வியாழன் மாலை 7.40

பழைய ட்யூபை வெட்டிக் கட்டிப் பாருங்கள், தப்பில்லை. கட்டியிருக்கும்போது குமிழி அமுங்கிச் சின்னதாகி இடம் நகரும், காலையில் அவிழ்த்ததும் கொஞ்சம் தொட்டிக்கு ஏறும். ஆனால் அந்தக் காற்று தொட்டியில்தானே உட்கார்ந்திருக்கும்? அடுத்த பஞ்சரில் மறுபடி இதே கதை. அவசரத்துக்கு ஆகும், வைத்தியம் ஆகாது.

காட்டுவழி அக்கா | வியாழன் இரவு 9.55

பிரேக் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் வாரா வாரம் ஒரு குழுவைக் கூட்டிப் போகிறவள், அதனால் வேறு சில.

பிரேக் போனதும் குழுவை நடத்துபவரிடம் சொன்னீர்களா? நீங்கள் அதை எழுதவில்லை. காத்திருக்க வைத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் பின் பிரேக்கோடு அதே இறக்கத்தில் இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இறக்கத்தில் எடை பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் போய்விடும். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும், வேகம் அவ்வளவாகக் குறையாது. காய்ந்த மணலில் கேட்கவே வேண்டாம். அகலமான காட்டுச் சாலை வழியாகவும் பீஸ்லேக் வரலாம். ஒருவர் துணைக்கு வருவார், மற்றவர்கள் கீழே காத்திருப்பார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஜூனில் சூரியன் ஒன்பது மணி தாண்டித்தான் மறைகிறது என்று நம்பி விளக்கில்லாமல் வருகிறவர்கள் நிறைய. பைன் மரங்களுக்குள் அதற்கு ரொம்ப முன்பே வேர் எது, நிழல் எது என்று தெரியாமல் போய்விடும். இருபது நிமிடப் பஞ்சர் ஒன்று போதும், கணக்கு தவற.

இன்னொன்று, பெரணிக்குள் விழுந்தேன் என்கிறீர்கள். முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் இங்கே உண்டு. இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் போங்கள்.

கியர்மாறன் | வெள்ளி காலை 6.40

சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் அக்கா, சொல்லவில்லை. பின்னாலேயே தடுமாறி வந்து சேர்ந்தேன்.

உண்ணி ஒன்று இருந்தது. முழங்காலுக்குப் பின்னால், எள்ளு அளவு. எடுத்துவிட்டேன், தேதியும் குறித்து வைத்திருக்கிறேன்.

கியர்மாறன் | ஞாயிறு மதியம் 12.20

ஏர் எடுத்தாயிற்று. முக்கால் மணி என்றீர்கள், எனக்கு இரண்டரை மணி நேரம். முதல் தள்ளலிலேயே புனலில் பொரி மாதிரி குமிழி. வெளியே வந்த ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறம். லிவரைச் சாய்த்து அழுத்தும்போது, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, பெரிதாக இன்னொன்று வந்தது. இப்போது லிவர் பாதியிலேயே கல் மாதிரி நிற்கிறது. சோதனைக்காக ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்து, லிவரையும் அழுத்திப் பார்த்தேன். மாற்றமில்லை.

பனங்காய்வண்டில் | ஞாயிறு மதியம் 1.05

நல்லது. ஆனாலும் பின் சக்கரம் கழற்றும்போது கவிழ்க்கும் பழக்கத்தை விடுங்கள். கிளையில் சீட்டைக் கொளுவலாம், அல்லது செயின் இல்லாத பக்கம் கிடத்தலாம். நிமிர்த்தியதும் இரண்டு லிவரையும் பத்துத் தடவை அழுத்தி, சைக்கிளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சீலன்ட் ஊற்றினீர்களா?

கியர்மாறன் | ஞாயிறு மதியம் 1.12

அய்யோ, மறந்தே போய்விட்டது. 29க்கு 2.4 டயர், எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பனங்காய்வண்டில் | ஞாயிறு மதியம் 1.20

நூறிலிருந்து 120 மில்லி. உள்ளே ஒட்டியிருக்கும் பழைய தோலை உரித்துவிட்டு ஊற்றுங்கள். இந்த வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.